ஐந்து கையொப்பம்

பதிவுத் தபாலில் வந்த அந்தக் கடிதத்தைச் சுபைறா ஒன்பது தடவை வாசித்துவிட்டாள். பத்தாவது தடவை மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். எழுத்து மாறவில்லை.

போன கிழமை அவளை அந்தக் கடிதத்தோடு வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். இந்தக் கிழமைதான் இந்த வீட்டுக்குள் கால் வைக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். தெரிந்தவர்கள் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

சுபைறாவுக்கு வயது ஐம்பத்துநாலு. சாய்ந்தமருதில் வீடு. புருசன் ஜுனைட் மாஸ்டர் கணிதம் படிப்பித்தவர், மௌத்தாகிப் பன்னிரண்டு வருசம். அவருடைய பென்சனில் விதவைப் பங்கு மாதாமாதம் சுபைறாவுக்கு வருகிறது. அதில்தான் அடுப்பு எரிகிறது. அவளுடைய சீனி வருத்தத்துக்கு ஊசி மருந்து வாங்குவதும் அதில்தான். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் ஸம்றா, பள்ளிக்கூட ரீச்சர். இளையவன் அஹ்ஸன், இருபத்தாறு வயது, ஓட்டோ ஓடுகிறான். ஓட்டோ வாங்க முதல் காசு கொடுத்தது இறக்காமத்து மாமா என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெருநாளுக்குப் பெருநாள் மாமாவுக்கு வட்டிலப்பம் போவதும் அதனால்தான்.

சரி, கடிதத்துக்கு வருவோம். அது சொன்னது இதுதான்: தாங்கள் 2018.04.21ஆம் திகதி மறுமணம் செய்துள்ளமை தெரியவந்துள்ளது. அன்று முதல் மேலதிகமாகச் செலுத்தப்பட்ட ரூபா பதினெட்டு இலட்சத்து நாற்பத்தாறாயிரம் தங்களிடமிருந்து அறவிடப்படும். ஆட்சேபனை இருப்பின் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.

பதினெட்டு இலட்சம் போகட்டும். மறுமணமாம்!

"நான் எப்ப கா கலியாணம் முடிச்சன்?" என்று சுபைறா ஆறு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகளிடம் கேட்டாள். பூனையிடம் கேட்டாள். கண்ணாடியிலும் பார்த்துக் கேட்டாள்.

ஏழாம் நாள் காலை ஸம்றா அரைநாள் லீவு போட்டாள். "வாங்க உம்மா, டீஎஸ் ஒபிசுக்குப் போவம். இஞ்ச இருந்து கேட்டா ஆரு சொல்றது?"

அஹ்ஸன் ஓட்டோவை வாசலுக்குக் கொண்டுவந்தான். அன்றைக்கு விடியவே ஒலுவில் துறைமுகத்துக்கு மீன்காரரை ஏற்றிக்கொண்டு போய் வந்திருந்தான், ஓட்டோவில் மீன் வாசம். வழக்கமாக வாய் ஓயாதவன், வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம், உம்மாவின் கவலை அவனுக்கும் தொற்றிவிட்டது என்று சுபைறா நினைத்தாள்.

பிரதேச செயலகத்தின் பென்சன் பகுதியில் கனகேஸ்வரி மிஸ் இருந்தாள். காரைதீவுக்காரி. ஒவ்வொரு வருசமும் சுபைறாவின் உயிர்வாழ் சான்றிதழை வாங்கி, "இந்த வருசமும் சுகமா ராத்தா?" என்று கேட்டு முத்திரை குத்துகிறவள். அந்தத் தாளில், மறுமணம் செய்யவில்லை என்ற வரிக்குக் கீழேதான் சுபைறா வருசா வருசம் கையொப்பம் வைப்பாள். ஏழு வருசமாகப் பொய்யில் கையொப்பம் வைத்தவள் என்று இப்போது கடிதம் சொல்கிறது.

"இருங்க ராத்தா. ரெண்டு நாளா உங்களத்தான் நினைச்சிட்டிருக்கன்," என்றாள் மிஸ்.

"மிஸ், நான் கலியாணம் முடிக்கல்ல."

"நான் நம்புறன். ஆனா ராத்தா, நான் நம்பி என்ன செய்ய? பதிவு கிடக்கே."

மிஸ் பைலைத் திருப்பி வைத்தாள். ஒரு பக்கச் சுருக்கம். ஸம்றா குனிந்து வாசித்தாள். மணமகன், ஷரிபுதீன், நீர்ப்பாசன ஓவசியர். மணமகள், சுபைறா. அடையாள அட்டை இலக்கம் சரி. வொலிகாரர், அதாவது பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளி, கச்சிமுகம்மது, மணமகளின் சகோதரன்.

"மாமாட பேரு!" என்றாள் ஸம்றா.

சுபைறா தன் கூடப்பிறந்த அண்ணனின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். "காக்காட பேர ஆரோ போட்டு விளையாடி இரிக்காங்க புள்ள. காக்கா அப்பிடிச் செய்வாரா?"

"உம்மாட கையெழுத்து எங்க மிஸ்?"

"உங்கட கலியாணப் பதிவில அப்ப பொம்பிள கையெழுத்து வைக்கிற வழக்கம் எங்க மகள் இருந்தது? வொலிகாரர் வச்சாச் சரி. மாப்பிள்ள, வொலி, ரெண்டு சாட்சி, பதிவுகாரர். அஞ்சு பேர்."

ஸம்றாவின் கலியாணக் காவினும் அப்படித்தான் எழுதப்பட்டது. அவள் உள் அறையில் மருதோன்றிக் கையோடு இருந்தாள். வெளியே துஆ ஓதும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மாமி சர்பத் கொண்டுவந்து, "முடிஞ்சி புள்ள, குடி" என்றாள். அப்படித்தான் தனக்குக் கலியாணம் ஆனது என்று அவளுக்குத் தெரியவந்தது. அன்று அது ஒரு விசயமாகவே படவில்லை.

"சாட்சிக்காரர் ஆரு?" என்று கேட்டாள்.

"இந்தச் சுருக்கத்தில அது இல்ல. பதிவுப் புத்தகத்திலதான் பார்க்கணும். அது எடுக்க இன்னும் ஒரு மாசம் போகும்."

பின்னால் நின்ற அஹ்ஸன் ஓட்டோச் சாவியைச் சேர்ட் பைக்குள் போட்டான். பிறகு திரும்பவும் கையில் எடுத்தான்.

"மிஸ்," என்றாள் சுபைறா, கொஞ்சம் தைரியம் வந்தவளாக, "அந்த மனிசனக் கூப்பிடுங்க. என்ட முகத்த ஒரு நாள் கண்டிருக்காரா எண்டு கேளுங்க. அல்லாஹ்வுக்காக உண்மை சொல்லுவார்தானே?"

கனகேஸ்வரி மிஸ் பேனையை மூடினாள். "ராத்தா, அவர் மோசம் போயிட்டார். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அடுத்த கிழமை."

"இன்னாலில்லாஹி," என்று சுபைறாவின் வாய் தன்பாட்டில் சொன்னது. சொல்லிவிட்டுத்தான் யாருக்குச் சொல்கிறோம் என்று யோசித்தாள்.

இதை எப்படி விளங்கிக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள். காலையில் எழும்பும்போது ஒரு புருசனின் விதவை. பத்து மணிக்கு இன்னொருவரின் பொண்டாட்டி. பத்தேகாலுக்கு அவருக்கும் விதவை. இரண்டாவது ஆளின் முகம்கூடத் தெரியாது.

"அப்ப நான்..." சுபைறா விரல்விட்டு எண்ணினாள். "ஹஜ்ஜுக்கு அடுத்த கிழமையெண்டா, நாலு மாசம் பத்து நாள்... புள்ள, நான் வீட்ட விட்டு இறங்காம இத்தா இருந்திருக்கணுமா? ஆடி மாசம் சம்மாந்துறைக் கலியாணத்துக்கு மாம்பழக் கலர் சாறி உடுத்துப் போனேனே! ரெண்டு தரம் சோறு வாங்கித் திண்டேனே!"

"உம்மா, சும்மா இரிங்க."

"எப்பிடிப் புள்ள சும்மா இரிக்க?"

கனகேஸ்வரி மிஸ்ஸுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் அடக்கிக்கொண்டு விசயத்தைச் சொன்னாள். ஓவசியரின் மனைவி பஸ்மினா என்பவர் தனக்கு விதவைப் பென்சன் கேட்டுப் போட்டிருக்கிறார். கலியாணப் பதிவைத் தேடியபோது ஒன்றுக்கு இரண்டு பதிவு வந்தது. இரண்டாவது பதிவில் இருந்த சுபைறா ஏற்கெனவே இன்னொருவரின் பென்சன் எடுப்பவள் என்று தெரிந்தது. அங்கே பிடித்த நூல் இங்கே வந்து நிற்கிறது.

"இப்ப ரெண்டு வழி கிடக்கு ராத்தா. ஒண்டு, கலியாணம் நடக்கல்ல எண்டு ஆட்சேபனை எழுதுறது. அதுக்கு உங்கட சொல் மட்டும் போதா. வொலிகாரர் வந்து, சம்மதம் கேளாமத்தான் எழுதினன் எண்டு காதி நீதிபதிக்கு முன்னால சொல்லணும். பொய்ப் பதிவெண்டு அவருக்கு வழக்கும் வரலாம்."

"மத்தது?"

"மத்தது, ஓம், நடந்தது எண்டு எழுதுறது. அப்ப ஓவசியர்ர பென்சனில உங்களுக்கும் ஒரு பங்கு வரும். கட்டவேண்டிய காசை அதில கொஞ்சம் கொஞ்சமாக் கழிக்கக் கேக்கலாம். கையிலிருந்து ஒண்டும் போகாது."

"அப்ப ஓம் எண்டு எழுதுங்க உம்மா!" என்றான் அஹ்ஸன். காலையிலிருந்து அவன் பேசிய முதல் முழு வசனம் அதுதான். "அந்த ஆளும் மௌத்து. ஆருக்கு என்ன நட்டம்? காசும் கட்டத் தேவல்ல, மாமாவும் தப்புவார். எழுதிட்டு வாங்க, போவம்."

ஸம்றா தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கென்னடா புத்தி பிசகிட்டா? நடக்காத கலியாணத்த நடந்ததெண்டு உம்மா எழுதுறதா? வாப்பாட பென்சன வெட்டிப்போட்டு, முகமறியாத ஆள்ர பென்சனுக்குக் கைநீட்டுறதா? அந்தப் பஸ்மினாட வாயில மண் போடுறதா?"

"நடக்கல்ல எண்டு உனக்குத் தெரியுமா?"

"அப்ப உனக்குத் தெரியுமா?"

அஹ்ஸன் ஓட்டோச் சாவியை விரலில் சுழற்றத் தொடங்கினான்.

சுபைறா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மகன் சொல்வதும் சரிபோல இருந்தது. மகள் சொல்வதும் சரிபோல இருந்தது. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. ஜுனைட் மாஸ்டரின் பெயருக்குப் பக்கத்தில் இத்தனை வருசம் தன் பெயர் இருந்தது. அதை யாரோ சத்தமில்லாமல் அழித்திருக்கிறார்கள்.

"காக்காக்கிட்டப் போவம்," என்றாள்.

"இப்பயா?" அஹ்ஸன் பதறினான். "உம்மா, இறக்காமத்தில ரெண்டு நாளா ரோட்டில யானை நிக்குதாம். மாமாக்கும் சுகமில்லயாம். நாளைக்குப் போவம். இல்லாட்டி நான் தனியாப் போய்க் கேட்டுட்டு வாறன்."

"பகல் பதினொரு மணிக்கு யானை என்னடா செய்யுது, சந்தைக்கா வருது?" என்றாள் ஸம்றா.

காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை தாண்டி, வீரமுனைக் கோயிலைக் கடந்து ஓட்டோ போனது. இருபக்கமும் வயல். மாரி விதைப்புக்கு உழுதுபோட்ட சேற்றில் கொக்குகள் நின்றன. சுபைறா எதையும் பார்க்கவில்லை. ஒரு பழைய நாளைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்துப் பதினெட்டு, சித்திரை. காக்கா வந்தாரா? வந்தார். என்ன கதைத்தார்?

கச்சிமுகம்மது வீட்டு முற்றத்தில் விதைநெல் மூட்டைகளைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயதிலும் கை உரம் குறையவில்லை. சுகமில்லாத ஆள் மாதிரித் தெரியவில்லை. தங்கையையும் மருமகளையும் கண்டதும் முகம் மலர்ந்தது. அவர்களுக்குப் பின்னால் வேலியோரம் ஓட்டோவிலிருந்து இறங்காமல் இருந்த அஹ்ஸனைக் கண்டதும் மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது.

"என்ன கா, சொல்லாமக் கொள்ளாம?"

சுபைறா கடிதத்தை நீட்டினாள். அவர் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் வரியை வாசித்ததும் விறாந்தைக் கட்டில் இருந்துவிட்டார். பொய் சொல்லப் பார்க்கவில்லை. அதற்காகவேனும் அந்த மனிதருக்கு ஒரு மரியாதை கொடுக்கலாம்.

"நான்தான் எழுதினன்," என்றார்.

"காக்கா!"

"கேளு கா. அப்ப மச்சான் மௌத்தாகி அஞ்சு வருசம். நீ சீனி வருத்தக்காரி. ஸம்றாக்குக் கலியாணம் முடிஞ்சி. நாளைக்கு அஹ்ஸனும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாப் போயிடுவான். உனக்கு ஆரு? நான் கவலப்பட்டன். ஷரிபுதீன் நல்ல மனிசன். எங்கட வாய்க்கால் வேலையில பழக்கம். ஓவசியர் உத்தியோகம். ரெண்டாம் தாரமா உன்னக் கேட்டான். உன்னட்ட வந்து கேட்டன்தானே?"

"என்னட்டயா?"

"ஓம். குசினி வாசல்ல நிண்டு கேட்டன். 'ஷரிபுதீன் கேக்கிறான், என்ன சொல்றாய்' எண்டு. நீ ஒண்டும் பேசாம உள்ளுக்குப் போயிட்டாய்."

இப்போது சுபைறாவுக்கு அந்த நாள் வந்துவிட்டது. பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்த கை. காக்கா கேட்ட கேள்வி. உச்சியில் ஏறிய கோபம். வாயைத் திறந்தால் அண்ணனை என்ன சொல்லிவிடுவோமோ என்று பயந்து அடுப்படிக்குள் போய் நின்றது.

"கோவத்தில போனன் காக்கா. மாஸ்டர்ர கட்டில்ல இன்னும் அவர்ர போர்வை கிடந்த நேரம்."

"எனக்கு எப்பிடிக் கா தெரியும்? வெக்கத்தில போறாய் எண்டு நினைச்சன். கொஞ்ச நேரத்தில தேத்தண்ணி கொண்டு வந்து தந்தாய். சீனி போட்டுத் தந்தாய். கோவமெண்டா சீனி போடுவியா?"

ஸம்றா தலையில் கையை வைத்துக்கொண்டாள். பதினெட்டு இலட்சத்து நாற்பத்தாறாயிரம் ரூபாய் ஒரு கரண்டிச் சீனியில் வந்து நின்றது.

சுபைறா எழும்பி அண்ணனுக்கு முன்னால் நின்றாள். பயந்த பெண் அல்ல, ஆனால் காக்காவுக்கு எதிரில் அவள் இதுவரை குரல் உயர்த்தியதில்லை.

"காக்கா, நீங்க மூணு தரம் குர்ஆன் ஓதித் தமாம் பண்ணின ஆள். கலியாணம் முடிக்காத குமருக்குத்தான் மௌனம் சம்மதம். ரெண்டு புள்ளயப் பெத்தவளுக்கு வாயிரிக்கு. வாய் திறந்து ஓம் எண்டு சொன்னாத்தான் ஓம். இது உங்களுக்குத் தெரியாதா?"

கச்சிமுகம்மது தரையைப் பார்த்தார். "தெரியும்," என்றார். "காவின் எழுதி முடிஞ்ச பிறகுதான் நினைவு வந்தது. அண்டைக்கே உன்னட்டச் சொல்ல வந்தன். வழியில ஷரிபுதீன் போன் எடுத்தான். பஸ்மினாக்குத் தெரிஞ்சு வீடு இரண்டுபட்டுப் போச்சு, கொஞ்ச நாளைக்கு ஒருத்தருக்கும் சொல்லாதீங்க எண்டான். பிறகு, இது சரிவரா, நான் தலாக் சொல்லி வெட்டி விட்டிடுறன் எண்டான். வெட்டினானா, எழுதினானா எண்டு நான் கேக்கல்ல. கேக்க வெக்கம். முடிஞ்சு போச்சு எண்டு இருந்திட்டன்."

"ஏழு வருசமாவா?"

"ஏழு வருசமும் உன்ட வீட்டு வட்டிலப்பம் எனக்குத் தொண்டையால இறங்கல்ல கா."

அவர் உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பழைய மஸ்கட் அல்வாப் பெட்டியோடு வந்தார். உள்ளே பஞ்சில் சுற்றிய ஒன்றரைப் பவுண் சங்கிலி. அதற்குக் கீழே நாலாக மடித்த ஒரு தாள்.

"மஹர், மாப்பிள்ள உனக்கெண்டு போட்டது. உனக்குத் தரவும் ஏலாம, அவனுக்குக் குடுக்கவும் ஏலாம வச்சிருக்கன். ஒரு நாளும் தொடல்ல."

சுபைறா சங்கிலியைப் பார்த்தாள். அழகான சங்கிலிதான். தன்னைக் கேளாமல் தன் கழுத்துக்குச் செய்யப்பட்ட அளவு. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அண்ணன்மேல் கோபமா, பாவமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள். "நான் நடக்கல்ல எண்டுதான் எழுதுவன் காக்கா. காசு குறைய வேணும் எண்டு இல்ல. பதினெட்டு இலட்சம் கட்ட என்ட வீட்டு ஓட வித்தாலும் காணாது. ஆனா ஓம் எண்டு எழுதினா, மாஸ்டர்ர பேர விட்டுப்போட்டு வந்தவள் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. நீங்க காதிக்கிட்ட வந்து சொல்லுவீங்களா?"

"சொல்லுவன்."

"வழக்கு வருமாம் மாமா," என்றாள் ஸம்றா.

"வரட்டும் புள்ள. செஞ்சது நான். வயசும் போச்சு. நான் மட்டும் போறதெண்டா இண்டைக்கே வாறன்." வேலிப்பக்கம் ஒரு தரம் பார்த்தார். "ஆனா அந்தத் தாள்ல நான் மட்டும் இல்ல."

ஸம்றா தாளை விரித்தாள். காவின் பதிவின் பிரதி. ரீச்சர் குரலில் வரிசையாக வாசித்தாள்.

"மாப்பிள்ளை, ஷரிபுதீன். கையொப்பம் இரிக்கு. வொலிகாரர், கச்சிமுகம்மது. பதிவுகாரர்... இவர் ஆரு மாமா?"

"அவர் கொரோனாவுல மௌத்து."

"முதலாம் சாட்சி, பள்ளியில பாங்கு சொல்ற மோதினார். ரெண்டாம் சாட்சி..."

ஸம்றா நிறுத்திவிட்டாள். தாளை மடிக்கப் பார்த்தாள்.

"வாசி புள்ள."

"உம்மா, வீட்ட போய்ப் பாப்பம்."

சுபைறா தாளை வாங்கினாள். கண்ணாடியைத் துடைக்கத் தேவைப்படவில்லை. அந்தக் கையொப்பத்தில் முதல் எழுத்தின் கீழே ஒரு சுழி இருந்தது. ஐந்து வயதில் அவன் கையைப் பிடித்து அந்தப் பெயரை எழுதப் பழக்கியவள் அவள்தான். சுழி வேண்டாம் மனே என்று எத்தனை தரம் சொல்லியும் அவன் விடவில்லை.

2018.04.21. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. ஓட்டோ வந்தது அடுத்த மாதம், வைகாசி.

"உம்மாக்குச் சம்மதம், வெக்கப்படுறா, அவக்கிட்ட இதப்பத்திக் கதைக்காத எண்டு நான்தான் அவனுக்குச் சொன்னன்," என்றார் கச்சிமுகம்மது. "சின்னப் புள்ள கா அவன். நான் காதிக்கிட்டப் போனா அவனையும் கூப்பிடுவாங்க. அதுக்குத்தான் யோசிக்கிறன்."

சுபைறா முற்றத்தில் இறங்கினாள். ஊறப்போட்ட நெல் மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு வேலியடிக்குப் போனாள். அஹ்ஸன் உம்மாவின் கையில் இருந்த தாளைக் கண்டான். ஓட்டோவிலிருந்து இறங்கி நின்றான்.

"இது உன்ட கையெழுத்தா மனே?"

பதில் இல்லை.

"காலையில டீஎஸ் ஒபிசில, ஓம் எண்டு எழுதுங்க எண்டாய். மாமா தப்பட்டும் எண்டா சொன்னாய்? இல்லாட்டி நீ தப்பவா?"

அஹ்ஸன் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் சிவந்திருந்தது.

"ஏழு வருசம் என்ட கையால சோறு திண்டிரிக்காய். ஒரு நாள் கேட்டிருக்கலாமே, உம்மா, உங்களுக்குச் சம்மதமா எண்டு. ஒரு சொல். கேட்டிருந்தா அண்டைக்கே முடிஞ்சிரிக்கும்." அவள் தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மாமா என்ட மௌனத்தக் கொண்டுபோய்க் காவின் எழுதிட்டார். நான் உன்ட மௌனத்த என்னெண்டு எடுக்க? வாயத் திற மனே. நீ குமரில்ல."

தூரத்தில் பள்ளியில் லுஹர் பாங்கு தொடங்கியது. வயல் பக்கம் யாரோ யானை வெடி ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள்.

"உம்மா," என்றான் அஹ்ஸன். "ஓட்டோக்கு முதல் காசு தந்தது மாமா இல்ல."

விறாந்தையில் கச்சிமுகம்மது எழும்பி நின்றார். "என்னடா சொல்றாய்? நான் தந்ததெண்டா வீட்ட சொன்னாய்? நீ சீட்டுப் பிடிச்சு வாங்கினதெண்டு என்னட்டச் சொன்னாய்!"

அஹ்ஸன் மாமாவைப் பார்க்கவில்லை. உம்மாவையும் பார்க்கவில்லை. ஓட்டோவின் முன் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். யார் தந்தது என்று அவன் சொல்லத் தேவை இருக்கவில்லை. உம்மாவின் கையிலிருந்த தாளில் மாப்பிள்ளையின் பெயர் இருந்தது.

சுபைறா அந்தப் பச்சை ஓட்டோவைப் பார்த்தாள். காலையிலிருந்து அதில்தான் இருந்து வந்தாள். ஏழு வருசமாக ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும், மாஸ்டரை அடக்கிய கபுறடிக்கும் அதில்தான் போய் வந்தாள்.

"உம்மா, ஏறுங்க. ரோட்டில யானை நிக்கும்," என்றான் அஹ்ஸன், கெஞ்சுகிற குரலில்.

சுபைறா காவின் தாளை மடித்து இடுப்பில் செருகினாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ரோட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.